ஆறு நிமிடம் என்று யார் சொன்னது?

கோரிமேட்டுக் கணக்கு:
பாடத்தை வீட்டில் காணொளியில் பார்த்துவிட்டு, வகுப்பில் கணக்குப் போடுகிற தலைகீழ் வகுப்பறை பற்றி மலைக்காப்பி நேற்று இங்கே எழுதியது இது: "தலைகீழ் வகுப்பறைக்கான காணொளி ஆறு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மாணவர் பார்க்க மாட்டார். ஆராய்ச்சியில் நிரூபணமான விஷயம்." படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. 31 ஆண்டுகள் பொறியியல் கல்லூரியில் கணிதம் நடத்தியவன் நான். கேய்லி-ஹாமில்டன் தேற்றத்தைச் சொல்லி, எண்களை மூன்றுக்கு மூன்றாக அடுக்கிய அணி ஒன்றை எடுத்து, அதன் நேர்மாறைக் கண்டுபிடித்துக் காட்ட 25 நிமிடம் வேண்டும். பலகையைத் துடைக்கிற நேரம் தனி. ஆறு நிமிடத்தில் ஏற்காடு பஸ் நாலு வளைவுகூட ஏறாது. பாடம் மட்டும் முடிந்துவிடுமாம்!

மலைக்காப்பி:
ஐயா, பாதியைப் பிடித்துக்கொண்டு பேசுகிறீர்கள். எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் நான்கு பாடங்களில் காணொளி பார்க்கப்பட்ட 69 லட்சம் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும், பார்ப்பவர் அதில் தங்கும் நேரத்தின் இடைநிலை அளவு (பாதிப் பேர் அதற்குள் நிறுத்திவிடுகிற நேரம்) ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. 25 நிமிடப் பாடத்தை ஐந்தாக வெட்டிப் போடுங்கள் என்கிறேன். சுருக்கச் சொல்லவில்லை.

கோரிமேட்டுக் கணக்கு:
சீப்புச் சீப்பாக வெட்டுவதற்கு அது என்ன வாழைத்தாரா? நீங்களே ஒப்புக்கொண்டீர்கள், அது பார்த்தவன் எழுந்துபோன நேரம் என்று. புரிந்துகொண்ட நேரம் என்று அதில் எங்கே இருக்கிறது? இலவசப் பாடம்தானே என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனவனும், நவம்பரில் செமஸ்டர் எழுதப் போகிறவனும் ஒன்றா? ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்களில் பல ஒரு மணி நேரம் ஓடுகின்றன. பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் அவற்றைப் பார்க்கவில்லையா? ஆறு நிமிடம் எங்கிருந்து வந்தது?

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு:
இரண்டு பேருக்கும் நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் மகள் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இரவு பதினொரு மணிக்கு, பட்டறை மேசையில் கொலுசுக் கண்ணிகளை ஒதுக்கிவிட்டு போனை நிறுத்தி வைத்து, காணொளியை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிடுகிறாள். பேராசிரியரின் குரல் அணில் கத்துவது போலக் கேட்கிறது. வீட்டில் பாடம், வகுப்பில் வீட்டுப்பாடம் என்றால் நான் கட்டணத்தை எதற்குக் கட்டுகிறேன்?

மலைக்காப்பி:
அண்ணா, வகுப்பில் யாரும் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991இலேயே தொடங்கிவிட்டார். பாடத்தை முன்கூட்டியே படித்துவிட்டு வரச் சொல்லி, வகுப்பில் ஒரு கேள்வியைப் போட்டு, பக்கத்தில் இருப்பவனோடு வாதாட விடுவார். கட்டணம் அதற்குத்தான். 2021இல் நம் பல்கலைக்கழக மானியக் குழுவே, ஒரு பாடத்தில் 40 சதவீதம் வரை இணையவழியில் நடத்தலாம் என்று வரைவு வெளியிட்டது.

கோரிமேட்டுக் கணக்கு:
ஹார்வர்டுக்கும் டெல்லிக்கும் ஓட வேண்டாம். கேட்டது ஆறு நிமிடம். மசூர் ஆறு நிமிடம் என்றாரா? மானியக் குழு ஆறு நிமிடம் என்றதா?

நாகலூர் மாணவன்:
ஐயா, ஆறோ அறுபதோ, முதலில் அது எங்கள் ஊரில் இறங்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு மேலே, காப்பித் தோட்டத்தில், சில்வர் ஓக் மரத்தடியில் ஒரு பாறை இருக்கிறது. அதன்மேல் ஏறி நின்றால் ஒரு கோடு சிக்னல் வரும். மூடுபனி இறங்கினால் அதுவும் போய்விடும். நேற்று 37 சதவீதத்தில் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றுவிட்டது. ஐந்தாக வெட்டினால் ஒரு துண்டாவது கைக்கு வரும்.

மலைக்காப்பி:
கேட்டீர்களா ஐயா? தலைகீழ் வகுப்பறையைப் பிரபலமாக்கிய ஆசிரியர்கள் பெர்க்மன், சாம்ஸ் இருவரும் 2007இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு மலையூர்ப் பள்ளியில்தான் தொடங்கினார்கள். வகுப்புக்கு வர முடியாத பிள்ளைகளுக்காகப் பதிவு செய்தார்கள்.

கோரிமேட்டுக் கணக்கு:
தம்பி சொல்வது சிக்னல் பிரச்சினை. அதற்குக் கோபுரம் வை. என் தேற்றத்தை ஏன் வெட்டுகிறாய்?

மலைக்காப்பி:
உங்கள் தேற்றத்தை நானும் பார்த்தேன். கொரோனா ஆண்டில் சமையலறையில் எடுத்த காணொளி, 52 நிமிடம். ஒன்பதாவது நிமிடத்தில் குக்கர் விசில் அடிக்கிறது. நீங்கள் திரும்பி, "அடுப்பை அணை" என்கிறீர்கள். என் மாணவர்களுக்கு அந்த இடம் மட்டும் மனப்பாடம்.

கோரிமேட்டுக் கணக்கு:
ஆக, ஒன்பதாவது நிமிடம் வரை பார்த்திருக்கிறார்கள்! உங்கள் ஆறு என்ன ஆயிற்று?

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு:
ஹா! ஆனாலும் ஐயா, ஆறு நிமிடத்தில் நாலு வளைவு ஏறாது என்பது தவறு. அடிவாரத்திலிருந்து காரில் தாராளமாக ஏறலாம்.

கோரிமேட்டுக் கணக்கு:
நான் சொன்னது பஸ். போன வருடம் ஒட்டு மாங்காயைக் காட்டி மல்கோவா என்று சாதித்தவர் இங்கே வளைவு எண்ணுகிறாரா?

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு:
அது மல்கோவாதான். கூடையோடு உங்கள் வீட்டுக்கே அனுப்பினேன். கொட்டையைக்கூடத் திருப்பித் தரவில்லை.

நாகலூர் மாணவன்:
மொத்தம் 20 வளைவு. முன்னால் லாரி போனால் ஆறு நிமிடத்தில் இரண்டுகூட முடியாது. அந்த மாதிரி நாளில் நாங்கள் குப்பனூர் வழியாகத்தான் இறங்குவோம்.

மலைக்காப்பி:
குப்பனூர் வழி சுற்று, தம்பி. உனக்கு அயோத்தியாப்பட்டணம் பக்கம் வேலை இருந்தால் சரி.

கோரிமேட்டுக் கணக்கு:
குப்பனூரை யார் கேட்டார்கள்? மூன்று நாளாகக் கேட்கிறேன், ஆறு நிமிடத்தில் புரிந்துவிடும் என்று எந்த வரியில் எழுதியிருக்கிறது? வரியைக் காட்டுங்கள். மாங்காய்க்காரர் இதில் தலையிட வேண்டாம்.