அந்தமானுக்குக் குடிபோகிறோம், அங்கே ஏர்லைன் வேலை எப்படித் தேடுவது?

கவுண்டர்14:
வணக்கம். சென்னை ஏர்போர்ட்டில் ஒரு தனியார் ஏர்லைனில் நான்கரை வருடமாக கஸ்டமர் சர்வீஸில் இருக்கிறேன். செக்-இன், போர்டிங் கேட், வந்து சேராத பெட்டிக்காகத் திட்டு வாங்குவது, எல்லாம் பார்த்தாயிற்று. கணவருக்கு போர்ட் பிளேருக்கு மாற்றல் வந்துவிட்டது, மத்திய அரசு வேலை, மூன்று வருடம், ஜூனில் போயாக வேண்டும். இரண்டு மாதமாக ஏர்லைன்களின் வேலைவாய்ப்புப் பக்கங்களில் ஊர்ப்பெயரைத் தட்டித் தட்டிப் பார்க்கிறேன், வந்ததே இரண்டு இடம், இரண்டுக்கும் போட்டேன், பதில் இல்லை. போன வாரம் ஏதோ ஒரு கன்சல்டன்சியிலிருந்து ஃபோன், அங்கே கிரவுண்ட் ஸ்டாஃப் வேலை உறுதி, யூனிஃபார்முக்கும் பாஸுக்கும் 12,500 ரூபாய் கட்டுங்கள் என்கிறார்கள். இங்கே ராஜினாமா செய்துவிட்டுப் போய் அங்கே நேரில் தேடலாமா? என்னுடைய ஏஇபி, அதாவது ஏர்போர்ட்டுக்குள் நுழையும் பாஸ், அங்கே செல்லுமா? கணவர் "போய்ப் பார்த்துக்கலாம்" என்கிறார். அவருக்கென்ன, அவருக்கு நாற்காலி காத்திருக்கிறது.

ராம்ப்காரன்:
முதலில் அந்த 12,500-ஐக் கட்டாதீர்கள். எந்த ஏர்லைனும் வேலைக்குக் காசு வாங்குவதில்லை, அவர்களே தங்கள் பக்கத்தில் எச்சரிக்கையாகப் போட்டிருப்பார்கள். பாஸுக்கு விண்ணப்பிப்பதே வேலை கொடுக்கும் கம்பெனிதான், வெளியாள் ஒருவர் காசு வாங்கிக்கொண்டு ஏஇபி எடுத்துத் தர முடியாது. நான்கரை வருடம் இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்கே ஒரு நிமிடம் சபலம் வந்திருக்கிறது பாருங்கள், புதுப் பிள்ளைகளின் கதியை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஏஇபி அங்கே செல்லாது. வேலையை விடும்போது அதைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும், அங்கே புதுக் கம்பெனி வழியாகப் புதிதாக, போலீஸ் சரிபார்ப்போடு. டிஜிஆர், அதான் ஆபத்தான சரக்குகளைக் கையாளும் பயிற்சிச் சான்றிதழ், எப்போது முடிகிறது என்று பார்த்தீர்களா?

தீவுவாசி_லம்பாலைன்:
அக்கா, நான் இங்கேதான் ஏர்போர்ட் பக்கத்தில் லம்பா லைனில் இருக்கிறேன், தம்பி கார்கோவில் வேலை. முதல் விஷயம், நீங்கள் ஊர்ப்பெயரை எப்படித் தேடினீர்கள்? 2024 செப்டம்பரிலேயே போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஒரு பக்கத்தில் பழைய பெயர் இருக்கும், இன்னொன்றில் புதுப் பெயர், சிலவற்றில் அந்தமான் நிக்கோபார் என்று யூனியன் பிரதேசத்தின் பெயர் மட்டும். ஏர்போர்ட் கோட் மாறவில்லை, அதே ஐஎக்ஸ்இசட்தான். நான்கையும் போட்டுத் தேடுங்கள்.

ஆனால் உண்மையைச் சொல்கிறேன், இந்த ஊரில் ஏர்லைன் வேலை இணையப் பக்கத்தில் விளம்பரமாக வருவது குறைவு. யாராவது கல்யாணம் ஆகிப் போவார்கள், யாருக்காவது கொல்கத்தாவுக்கு மாற்றல் வரும், அந்த இடத்துக்கு ஆள் வேண்டும் என்று ஸ்டேஷனுக்குள்ளேயே, அதாவது அந்த ஏர்லைனின் ஏர்போர்ட் அலுவலகத்துக்குள்ளேயே, பேச்சு ஓடும், விளம்பரம் வருவதற்குள் பாதி முடிந்திருக்கும். புது டெர்மினல் 2023 ஜூலையில் திறந்தார்கள், சிப்பி வடிவத்தில், வருடத்துக்கு 50 லட்சம் பேர் வந்துபோகலாம் என்று கட்டியது. கட்டிடம் பெரிதானதே தவிர ஏர்லைன் எண்ணிக்கை அப்படியே வளரவில்லை. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் பறப்பதை நிறுத்தியது, 2024 நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. இரண்டுமே இங்கே வந்துகொண்டிருந்தவை. ஒரு கம்பெனி மூடினால் சென்னையில் பக்கத்துக் கவுண்டருக்குப் போய்விடலாம், இங்கே பக்கத்துக் கவுண்டர் என்று இருப்பதே ஐந்தாறுதான்.

ரோஸ்டர்_ராணி:
மேலே தம்பி சொன்னதுதான் விஷயம், அதனால்தான் சொல்கிறேன், ராஜினாமா செய்யாதீர்கள். உங்கள் ஏர்லைன் போர்ட் பிளேருக்குப் பறக்கிறதா? பறந்தால் வெளியிலிருந்து விண்ணப்பிப்பதை விட்டுவிட்டு உள்ளேயே மாற்றல் கேளுங்கள். கணவரின் மாற்றல் உத்தரவை இணைத்து எழுத்தில் கேளுங்கள், வாய்மொழியாகச் சொன்னது டியூட்டி மேனேஜர் மாறும்போது காற்றோடு போய்விடும். எனக்கு அப்படித்தான் ஆனது, கோவைக்குக் கேட்டு எட்டு மாதம் காத்திருந்தேன், கடைசியில் "நீ கேட்டதற்கு மெயிலே இல்லையே" என்றார்கள். கம்பெனி பெயர் வேண்டாம், விடுங்கள்.

இடம் இல்லை என்றால் சம்பளம் இல்லா விடுப்பு மூன்று மாதம் கேட்டுப் பாருங்கள். கையில் வேலை இருக்கும்போது அங்கே போய் ஸ்டேஷன் மேனேஜரைப் பார்ப்பது வேறு, வேலையை விட்டுவிட்டுப் போய் நிற்பது வேறு.

கவுண்டர்14:
எங்கள் ஏர்லைன் அங்கே பறக்கிறது. மாற்றல் வாய்மொழியாகத்தான் கேட்டிருந்தேன், "பார்க்கலாம்மா" என்றார் மேனேஜர். இன்றே மெயில் போடுகிறேன். டிஜிஆர் ஆகஸ்டில் முடிகிறது! இது எனக்குத் தோன்றவே இல்லை. ஹிந்தி சுமார்தான், அறிவிப்பு படிப்பேன், சண்டை போட வராது.

ராம்ப்காரன்:
டிஜிஆர் செல்லுபடி 24 மாதம்தான், இப்போதே ரெஃப்ரெஷர் போட்டுவிடுங்கள், இங்கே இருக்கும்போது கம்பெனி செலவில் முடியும். அங்கே போனபின் ஆகஸ்டில் காலாவதி ஆனால், ஆள் எடுக்க நினைக்கிறவர் கையில் சான்றிதழ் உள்ள வேறொருவரைத்தான் எடுப்பார். ஏவ்செக் (விமானப் பாதுகாப்புப் பயிற்சி) சான்றிதழ், அனுபவச் சான்றிதழ், எல்லாவற்றின் நகலும் உங்கள் கையில் இருக்கட்டும். பிறகு மெயில் போட்டுக் கேட்டால் யாரும் தேடித் தர மாட்டார்கள். கடந்த ஐந்து வருட முகவரிகளையும் வரிசையாக எழுதி வையுங்கள், சரிபார்ப்பு இழுப்பதே பெரும்பாலும் வாடகை வீடு மாறிய இடத்தில்தான்.

தீவுவாசி_லம்பாலைன்:
ஹிந்தி வேண்டும் அக்கா, இங்கே எல்லாருக்கும் பொது மொழி அதுதான். ஆனால் தமிழும் சும்மா போகாது. சென்னை விமானத்தில் பாதிப் பேர் ஊருக்குப் போய்வரும் நம் ஆட்கள், வீல்சேரில் வரும் பாட்டிக்கு ஹிந்தியில் சொன்னால் புரியாது. பேட்டியில் இதை மறக்காமல் சொல்லுங்கள். வந்ததும் தமிழர் சங்கத்தில் ஒரு முறை தலைகாட்டுங்கள், வெற்றிமலை முருகன் கோவிலுக்கும் போங்கள். பக்திக்காகவும்தான், ஆனால் எந்த ஸ்டேஷனில் யார் போகிறார்கள் என்ற செய்தி அங்கே பிரசாதம் வாங்கும் வரிசையிலேயே கிடைக்கும்.

இன்னொன்று, வெறும் ஏர்லைன் கவுண்டரை மட்டும் பார்க்காதீர்கள். கிரவுண்ட் ஹேண்ட்லிங் கம்பெனிகள், கார்கோ, தீவுகளுக்கு இடையே ஓடும் பவன் ஹான்ஸ் ஹெலிகாப்டர், ஹேவ்லாக் தீவுக்குப் போகும் தனியார் படகுக் கம்பெனிகள். படகிலும் செக்-இன், போர்டிங், பெட்டிக்கு டேக் எல்லாம் உண்டு, வாந்தி எடுக்கிறவர்கள் மட்டும் கொஞ்சம் அதிகம். அரசு வேலையை நம்பி வராதீர்கள், நிர்வாகத்தின் வேலைகளுக்கு உள்ளூர்ச் சான்றிதழ் கேட்பார்கள், புதிதாக வந்தவருக்கு அது கிடைக்காது.

மிட்நைட்_லோட்ஷீட்:
ஒருவரும் சொல்லாத விஷயம், வேலை கிடைத்த பிறகு என்ன. அங்கே இருப்பது ஒரே ரன்வே, அதுவும் கடற்படையுடையது. காலையில் வரிசையாக விமானங்கள் வந்து இறங்கும், மூச்சுவிட நேரம் இருக்காது, மதியத்துக்குமேல் அடங்கிவிடும். பருவமழை இரண்டும் அடிக்கும் ஊர். மேகம் மூடினால் வந்த விமானம் இறங்காமல் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ திரும்பும், கவுண்டரில் நிற்கும் உங்களைத்தான் 180 பேரும் சூழ்வார்கள். பக்கத்தில் வேறு ஏர்போர்ட் இல்லாததால் திரும்பிப் போகும் எரிபொருளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், எடை இடிக்கும்போது முதலில் இறங்குவது ஸ்டாண்ட்பை ஸ்டாஃப்தான், அதாவது சீட் காலியிருந்தால் ஏறும் ஊழியர்கள். பொங்கலுக்கு ஐடி டிக்கெட்டில் (ஊழியர் சலுகை டிக்கெட்) ஊருக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள், டிசம்பர் ஜனவரியில் சீட்டே இருக்காது. கப்பல் இருக்கிறது, சென்னைக்கு ஏறக்குறைய மூன்று நாள்.

கவுண்டர்14:
அப்டேட். மெயில் போட்டேன், மாற்றல் உத்தரவையும் இணைத்தேன். ஹெச்.ஆரிலிருந்து இப்போதைக்கு இடம் இல்லை, பட்டியலில் வைக்கிறோம் என்று பதில் வந்தது. பதில் வந்ததே பெரிது. ரெஃப்ரெஷர் அடுத்த வாரம். விடுப்பு இரண்டு மாதம் தருவார்கள் போலிருக்கிறது. கன்சல்டன்சிக்காரர் நேற்று மறுபடி ஃபோன் செய்து 9,000 கட்டினால் போதும் என்றார், கம்பெனி லெட்டரை அனுப்புங்கள் என்றதும் வைத்துவிட்டார்.

தீவுவாசி_லம்பாலைன்:
நல்லது அக்கா. வீடு பார்க்கும்போது தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள், கோடையில் இங்கே அது பெரிய தலைவலி. காலை ஷிஃப்ட்டுக்கு பயப்பட வேண்டாம், ஐந்து மணிக்கே நன்றாக விடிந்துவிடும்.

கவுண்டர்14:
விடிவது சரி தம்பி, ஷிஃப்ட் கிடைக்கட்டும். உங்கள் தம்பி வேலை பார்க்கும் கார்கோவில் ஆள் எடுக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுச் சொல்ல முடியுமா?