தொழிற்செறிவா, ஆலைத்திரளா?

பல ஆலைகள் ஒரே பகுதியில் நெருங்கி அமைவதைக் குறிக்கும் 'கிளஸ்டர்' (cluster) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் முன்வைக்கப்பட்டுள்ள 'தொழிற்செறிவு' என்ற சொல்லை, குறைந்தது மாசு பற்றிய கட்டுரைகளிலாவது தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். காற்றிலோ நீரிலோ ஒரு பொருள் எந்த அளவில் கலந்துள்ளது என்பதைச் 'செறிவு' என்று பள்ளிப் பாடநூல் முதலே எழுதிப் பழகிவிட்டோம். ஆலைகள் நெருங்கி அமையும்போது மாசின் செறிவு என்னவாகிறது என்பதே இங்கு மையக் கேள்வியாக இருக்க, காரணத்துக்கும் விளைவுக்கும் ஒரே சொல்லை வைத்தால் வாசகர் தடுமாறுவார். மாற்றாகத் தோன்றக்கூடிய பிற சொற்களும் பொருந்தவில்லை. 'குழுமம்' ஒரே உரிமையாளரின் பல நிறுவனங்களைக் குறித்து நிலைத்துவிட்டது. 'தொழிற்பேட்டை' திட்டமிட்டு அமைக்கப்படுவது. ஆனால் தேர்ந்த தொழிலாளர், துணைத்தொழில்கள், பரவும் தொழில்நுட்ப அறிவு ஆகியவற்றை நாடி ஆலைகள் தாமாகவும் ஓரிடத்தில் சேர்வதைப் பொருளியல் அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இலேயே விளக்கிவிட்டார்.

எனவே 'ஆலைத்திரள்' என்ற சொல்லை முன்வைக்கிறேன். அப்படிச் சேரும் நிகழ்வு 'ஆலைத்திரள்வு'. 'தொழில்' என்பதோடு புணர்த்தினால் 'தொழிற்றிரள்' என்றாகிப் படிப்பவரைத் தடுக்கும்.

இதே பொருளுக்கு முன்வைக்கப்பட்ட 'நெரிசல்' என்ற பரிந்துரை எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் ஆலைகள் நெருங்குவது தீமையே என்று அது ஆய்வுக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறது. டென்மார்க்கின் கலுன்ட்போர்க்கில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வீணாக எரித்த வாயுவை 1972 முதல் அருகிலிருந்த ஜிப்சம் பலகை ஆலை எரிபொருளாக்கிக்கொண்டது. அண்மை இல்லாமல் அது நடந்திராது. தனியே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட இயலாத சிற்றாலைகள் பொது நிலையம் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளவும் முடிகிறது. ஆனால் தோல் ஆலையின் குரோமியம் முறையாகப் பிரிக்கப்படாமல் அங்கே வந்து சேர்ந்தால், அனைவரின் கழிவையும் சிதைக்கும் நுண்ணுயிர்களையே அது நலிவடையச் செய்யும்.

காற்றில் சிக்கல் இன்னும் நுட்பமானது. ஓர் ஆலை கந்தக டை ஆக்சைடையும் பக்கத்து உர ஆலை அம்மோனியாவையும் வெளியிட்டால், இரண்டும் வளிமண்டலத்தில் வினைபுரிந்து அம்மோனியம் சல்ஃபேட் நுண்துகள்களாகின்றன. எந்தப் புகைபோக்கியில் அளந்தாலும் அவை அகப்படாது. இதற்கு 'இரண்டாம் நிலை மாசு' என்ற வழக்கிலுள்ள சொல்லே போதும். ஒவ்வோர் ஆலையும் தன் வரம்புக்குள் உமிழ்ந்தும் அவற்றின் கூட்டுத்தொகை அப்பகுதி தாங்கும் அளவை மீறுவதற்குத்தான் தனிச்சொல் தேவை. அதைத் 'திரளின் சுமை' என்று குறிக்கலாம்.

கழிவுநீரில் மிதக்கும் துகள்களைத் திரளவைப்பதையும் இதே வினையால்தான் சொல்கிறோம் என்ற மறுப்பு எழக்கூடும். அந்த மறுப்பு நியாயமானது. ஆகவே ஒரே கட்டுரையில் இரண்டும் வருமிடத்தில் 'திரள்வு' என்று சுருக்காமல் 'ஆலைத்திரள்வு' என்றே முழுமையாக எழுத வேண்டும்.