தோப்காப்பி அரண்மனை: அம்மாவின் நடையில் ஒரு முழு நாள்

இஸ்தான்புல் போய் வந்தவர்கள் அங்கே எந்த அரண்மனையைப் பார்த்தீர்கள், எவ்வளவு நேரம் இருந்தீர்கள், யாரைச் சந்தித்தீர்கள் என்று எழுதுங்களேன். முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளம்தான்.

தோப்காப்பிக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை அலுவலக நண்பர்களோடு ஒரு குழுச் சுற்றுலாவில். கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வழிகாட்டி முன்னால் ஓட, நாங்கள் பின்னால் ஓட, ஒன்றரை மணி நேரத்தில் நான்கு முற்றங்களும் முடிந்துவிட்டன. அந்தப்புரம் எங்கள் டிக்கெட்டில் சேரவில்லை என்பதே வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. ஊர் திரும்பி யோசித்துப் பார்த்தால் ஒரு பெரிய வைரம், அதைச் சுற்றிக் கூட்டம், நல்ல வெயில், அவ்வளவுதான் நினைவில் இருந்தது.

மூன்று வருடம் கழித்து அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். அம்மாவுக்கு 68 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம், கொஞ்ச தூரம் நடந்தால் ஐந்து நிமிடம் எங்காவது உட்கார வேண்டும். காலையில் கதவு திறக்கும்போதே உள்ளே போனவர்கள் மாலை நாலரை மணிக்குத்தான் வெளியே வந்தோம். அந்த அரண்மனை மெதுவாக நடக்கிறவர்களுக்காகவே கட்டப்பட்டது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது, அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

1453-இல் கான்ஸ்டான்டிநோப்பிளை, அதாவது இன்றைய இஸ்தான்புல்லைப் பிடித்த ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மெஹ்மெத் சில வருடங்களில் இந்த இடத்தில் வேலையைத் தொடங்கினார். அதன் பிறகு வந்த ஒவ்வொரு சுல்தானும் ஒரு மண்டபம், ஒரு நூலகம், ஒரு குளியல் அறை என்று சேர்த்துக்கொண்டே போனார்கள். அதனால் ஐரோப்பிய அரண்மனை மாதிரி கண்ணைப் பறிக்கும் ஒரே கட்டடம் இங்கே கிடையாது. முற்றம், வாசல், அடுத்த முற்றம், அடுத்த வாசல், இப்படித்தான் போகும். முதல் முற்றத்துக்குள் அந்தக் காலத்தில் ஊர் மக்களும் வரலாம். இரண்டாவது வாசலில் சுல்தானைத் தவிர எவராக இருந்தாலும் குதிரையை விட்டு இறங்க வேண்டும். மூன்றாவது வாசலைத் தாண்ட சுல்தானின் அனுமதி வேண்டும். உள்ளே போகப் போக ஆளும் குறையும், பேச்சும் குறையும். சுல்தானின் முன்னிலையில் பேசாமல் சைகையிலேயே பேசிக்கொள்ளும் வழக்கம்கூட இருந்தது. ஓடிக்கொண்டே பார்த்தால் இது எதுவுமே தெரியாது. வாசலுக்கு வாசல் உட்கார்ந்து எழுந்து போனதால்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இரண்டாவது முற்றத்தில் வலது பக்கம் முழுக்கச் சமையல்கூடம். எல்லோரும் இடது பக்கம் அந்தப்புரத்தைப் பார்த்து நடப்பார்கள், அம்மா நேராக அடுக்களைக்குத்தான் போனார். வெளியே நின்று மேலே பார்த்தால் வரிசையாக 20 புகைபோக்கிகள். 1574-இல் தீப்பிடித்து எரிந்த பிறகு மிமார் சினான் என்ற பெரிய கட்டடக்கலைஞர் திரும்பக் கட்டியது. ஜானிசரி என்ற சுல்தானின் சொந்தப் படை வீரர்கள் அவர் மேல் கோபம் வந்தால் சோற்று அண்டாவைக் கவிழ்த்துப் போடுவார்களாம், அதுதான் கலகத்துக்கு அடையாளம். இதை நான் படித்துச் சொன்னதும் அம்மா, "சாப்பாட்டை வேண்டாம் என்று சொன்னாலே வீட்டில் ஏதோ சரியில்லை என்றுதான் அர்த்தம்" என்றார். அங்கே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீனப் பீங்கான்கள் சேர்ந்திருக்கின்றன, அதில் ஒரு பகுதியைத்தான் காட்சிக்கு வைப்பார்கள். செலடான் என்ற வெளிர் பச்சைப் பீங்கான் தட்டில் விஷம் கலந்த உணவை வைத்தால் தட்டு நிறம் மாறிவிடும் என்று அப்போது நம்பினார்கள். அம்மா நின்றது வேறு இடத்தில். பூண் கட்டிய ஒரு கிண்ணம், விளிம்பைச் சுற்றி மெல்லிய உலோகப் பட்டை. "இது உடைந்திருக்கும், தூக்கிப் போட மனம் வராமல் கட்டி வைத்திருக்கிறார்கள்" என்று கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் குனிந்து குனிந்து பார்த்தார். அரண்மனைப் பொற்கொல்லர்கள் பீங்கான்களுக்கு இப்படிப் பூண் கட்டுவதும், ரத்தினம் பதிப்பதும், உடைந்ததைச் சரிசெய்வதும் உண்டு. முதல் முறை நான் அந்தக் கட்டடத்துக்குள் நுழையவே இல்லை.

அப்புறம் அந்தப்புரம். பேரைக் கேட்டதும் ஏதேதோ கற்பனை செய்துகொண்டு போகிறவர்கள் நிறையப் பேர். நான் பார்த்தது ஒரு பெரிய கூட்டுக் குடும்பத்தின் நெரிசல். 300-க்கும் மேற்பட்ட அறைகள், பாதிக்கு மேல் இருட்டு, குறுகலான நடைபாதைகள். எல்லாவற்றுக்கும் நடுவில், எல்லா வழியும் தன்னைத் தாண்டிப் போகும்படி, வாலிதே சுல்தானின், அதாவது சுல்தானுடைய தாயாரின் இருப்பிடம். யார் எங்கே போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது.

இங்கே சுவரில் பதித்த வண்ண ஓடுகளைப் பார்க்க நேரம் வைத்துக்கொள்ளுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். மூன்றாம் முராத்தின் அறை 1578-இல் சினான் கட்டியது. அதன் கணப்படுப்பைச் சுற்றி ப்ளம் மரம் பூத்திருக்கும் ஓடுகள். அம்மா சுவரோரமாகச் சற்று இளைப்பாறியபோது நானும் பக்கத்தில் சாய்வாக நின்றேன், அப்போதுதான் கவனித்தேன்: நீலமும் பச்சையும் ஓட்டோடு ஓடாகச் சமமாக இருக்க, சிவப்பு மட்டும் மேலே புடைத்துக்கொண்டு நிற்கிறது. குங்குமத்தைக் குழைத்து அப்பியது மாதிரி. இஸ்னிக் ஊர்க் கைவினைஞர்கள் இரும்புச் சத்துள்ள செம்மண்ணைத் தடிமனாகப் பூசித்தான் அந்த நிறத்தைக் கொண்டுவந்தார்கள். சில பத்தாண்டுகள்தான் அந்தச் சிவப்பு அவர்கள் கையில் இருந்தது, பதினேழாம் நூற்றாண்டில் மங்கிப் பழுப்பாகிவிட்டது. 1665 தீ விபத்துக்குப் பிறகு திரும்பக் கட்டிய பகுதிகளின் ஓடுகளை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் நமக்கே தெரியும். நேராக நின்று படம் எடுத்தால் இந்தப் புடைப்பு படத்தில் வராது, பக்கவாட்டில் வெளிச்சம் விழும் பக்கம் நிற்க வேண்டும்.

அதற்குப் பக்கத்திலேயே இளவரசர்களின் இரட்டை மாடம், வண்ணக் கண்ணாடி ஜன்னல்களோடு அவ்வளவு அழகு. ஆனால் இளவரசர்களை வெளியே விடாமல் அடைத்து வைக்கும் வழக்கத்துக்கு 'கஃபெஸ்', அதாவது கூண்டு என்று பெயர். மூன்றாம் மெஹ்மெத் 1595-இல் அரியணை ஏறியதும் 19 சகோதரர்களைக் கொல்லச் செய்தார். அந்தப் பயங்கரத்துக்குப் பதிலாக வந்தது இந்த அடைப்பு. இரண்டாம் சுலைமான் 1687-இல் சுல்தானாகும் முன் சுமார் 39 ஆண்டுகள் அடைபட்டிருந்தார். அழைத்துப்போக ஆட்கள் வந்தபோது தன்னைக் கொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்று நடுங்கினாராம். அம்மா இதைக் கேட்டுவிட்டு ஒன்றுமே சொல்லவில்லை, கொஞ்ச நேரம் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கருவூலத்துக்கு வந்தபோது மதியம் தாண்டிவிட்டது. 'கரண்டிக்காரர் வைரம்' என்ற 86 காரட் வைரத்தின் முன் அதே கூட்டம். பக்கத்தில் மூன்று மரகதம் பதித்த குத்துவாள். ஈரானின் நாதிர் ஷாவுக்குப் பரிசாக அனுப்பியது, தூதுக்குழு போய்ச் சேர்வதற்குள் 1747-இல் அவரே கொல்லப்பட்டுவிட்டதால் வாள் திரும்பி வந்தது. இதற்கு மேல் அங்கே நின்று இடிபட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

நான்காவது முற்றத்தில்தான் அந்தச் சந்திப்பு. பளிங்குத் திண்ணை மாதிரி ஒரு மேடை, அதன் ஓரத்தில் தங்கமுலாம் பூசிய சிறிய விதானம். ரமலான் மாதத்தில் சுல்தான் நோன்பு திறக்க 1640-இல் இப்ராஹிம் சுல்தான் கட்டியது. கீழே தங்கக் கொம்பு என்ற கடல் கழி, படகுகள், எதிர்க்கரை வீடுகள். அம்மா அங்கே உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் முக்காடு அணிந்த ஒரு துருக்கிப் பாட்டி, அவர் மகள், நாலு வயதுப் பேரன். பையன் தூண்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தவன் திடீரென்று "அன்னே! அன்னே!" என்று கத்தினான். அம்மா சட்டென்று திரும்பிப் பார்த்தார். துருக்கியில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மகளுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தது, எங்கள் மொழியிலும் தாயை அன்னை என்போம் என்று சொன்னேன், அவர் பாட்டிக்குச் சொன்னார். பாட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு "அன்னை" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அப்புறம் தன் முழங்காலைத் தட்டிக் காட்டி முகத்தைச் சுளித்தார். அம்மாவும் தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார். பாட்டி தன் பையிலிருந்து ஒரு கை நிறைய ஹேசல் கொட்டைகளை எடுத்து அம்மாவின் முந்தானையில் போட்டார். அரை மணி நேரம் இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு கொட்டையைக் கொறித்துக்கொண்டே இருந்தார்கள். நானும் அந்தப் பெண்ணும் எழுப்பவில்லை.

*

படித்ததும் எனக்கும் எழுதத் தோன்றியது. நாங்கள் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, தோப்காப்பிக்குச் செவ்வாய் விடுமுறை என்று வாசலில் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது. அதனால் டிராம் பிடித்து டோல்மாபாஹ்சே அரண்மனைக்குப் போனோம். 1856-இல் அப்துல்மெஜித் சுல்தான் தோப்காப்பியை விட்டுவிட்டு இங்கேதான் குடிவந்தார். 285 அறைகள், படிக்கட்டின் கைப்பிடித் தூண்கள் படிகக் கண்ணாடி, பெரிய மண்டபத்தில் நாலரை டன் சரவிளக்கு. எனக்கு அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்துவிட்டது. இங்கே உள்ளே போட்டிருக்கும் விரிப்பை விட்டு விலக முடியாது, ஒரே திசையில்தான் போக வேண்டும், ஆனாலும் ஆடியோ கையேடு வாங்கிக்கொண்டால் பின்னால் வருகிறவர்களை முன்னே விட்டுவிட்டு நம் இஷ்டத்துக்கு நிற்கலாம். துருக்கிக் குடியரசை நிறுவிய அதாதுர்க் 1938 நவம்பர் 10 காலை 9:05-க்கு இறந்த அறை அங்கே இருக்கிறது. சின்ன அறை, கட்டில் மேல் துருக்கிக் கொடி விரித்திருக்கிறார்கள். அங்கே ஒரு வயதான காவலர். நான் வெகுநேரம் நிற்பதைப் பார்த்து, போகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கடிகாரத்தைக் காட்டினார். முள் 9:05-இல் நின்றிருந்தது. நெஞ்சில் கை வைத்துத் தலையைச் சாய்த்தார், நானும் அதேபோலச் செய்துவிட்டு நகர்ந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

*

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் உம்ரா முடித்துத் திரும்பும் வழியில் இஸ்தான்புல்லில் மூன்று நாள் தங்கினோம். மேலே எழுதியவர் மூன்றாவது முற்றத்தின் புனிதப் பொருள்கள் இருக்கும் பகுதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார், அதை நான் சொல்கிறேன். 1517-இல் முதலாம் செலிம் எகிப்தை வென்ற பிறகு அங்கிருந்து வந்தவையும் பிறகு சேர்ந்தவையும் அங்கே இருக்கின்றன. நபிகள் நாயகத்தின் போர்வை, வாள்கள், கஅபாவின் பழைய சாவிகள். படம் எடுக்கக் கூடாது, தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். உள்ளே ஒருவர் உட்கார்ந்து குர்ஆன் ஓதிக்கொண்டே இருப்பார், ஒருவர் முடித்தால் அடுத்தவர். வாப்பா, அதாவது என் அப்பா, முதல் அறையிலேயே நின்றுவிட்டார். ஓதுகிறவர் யாஸீன் சூரா ஓதிக்கொண்டிருந்தார், வாப்பாவும் உதடு அசையாமல் கூடவே ஓதினார், கூட்டம் எங்களைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. சூரா முடியும்வரை நாங்கள் யாரும் வாப்பாவைக் கூப்பிடவில்லை. ஓதியவர் நிமிர்ந்தபோது இரண்டு பேருக்கும் கண் சந்தித்தது, அவர் லேசாகத் தலையசைத்தார். வெளியே வந்து பூவரசு மாதிரி ஏதோ ஒரு மர நிழலில் உட்கார்ந்து வாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வேறு எதையும் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார், நாங்களும் சரி என்று விட்டுவிட்டோம்.

*

எழுதிய இருவருக்கும் நன்றி. அந்த ஓதும் குரலை நாங்களும் கேட்டோம், வாசல் வரை வரும். அடுத்த முறை நின்று கேட்க வேண்டும்.

வயதான அப்பாவை அழைத்துப்போகலாமா என்று தனியாக ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாகப் போகலாம். அந்தப்புரத்தின் சில தரைகள் கூழாங்கல் பதித்தவை, கைத்தடி வேண்டும். இரண்டாவது முற்றத்திலிருந்து அந்தப்புரத்துக்குள் போனால் மூன்றாவது முற்றத்தில் வெளியே விட்டுவிடும், அதனால் சமையல்கூடத்தை முதலிலேயே பார்த்துவிடுங்கள், திரும்பி நடக்க வேண்டியிருக்காது. டிக்கெட் வாங்கும்போது அந்தப்புரம் அதில் அடங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரும் கொஞ்சம் பிஸ்கட்டும் பையில் இருக்கட்டும். அன்றைக்கு வேறு எந்த இடத்தையும் திட்டத்தில் சேர்க்காதீர்கள்.

பாட்டி கொடுத்த கொட்டையில் நாலைந்தை அம்மா சாப்பிடாமல் ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார். மசாலா டப்பாவில், ஏலக்காய் இருக்கும் கிண்ணத்தில் இன்னும் கிடக்கின்றன.