புதுப்பிப்பு: ‘ஸி ஜோரே’ குழப்பம் தீர்ந்தது

‘தெரிந்திருந்தால் வந்திருப்பேன்’ என்பதைப் பிரெஞ்சில் ‘ஸி ஜோரே ஸ்யு...’ என்று தொடங்கி எழுதி மார்க் போனதாக முன்பு புலம்பியிருந்தேனே, தப்பு என்னுடையதுதான். எங்கள் ஊர் சேந்த்-ஆந்த்ரேயில் பக்கத்து வீட்டு அக்கா சிரித்துக்கொண்டே திருத்தினார்: ‘ஸி ஜாவே ஸ்யு, ஜ ஸ்ரே வெனு’. பிரெஞ்சுப் பிள்ளைகளே இப்படித் தடுமாறுவதுண்டாம்!

நான் பிடித்துக்கொண்ட வழி: தமிழில் ‘-இருந்தால்’ வரும் பக்கம் ‘ஜாவே’, ‘-இருப்பேன்’ பக்கம்தான் ‘ஜோரே’. சாப்பிட்டிருப்பேன் என்றால் ‘ஜோரே மான்ழே’. வருவது, போவது போன்ற சில வினைகளுக்கு ‘ஜோரே’வுக்குப் பதில் ‘ஜ ஸ்ரே’. நான் பெண் என்பதால் ‘வெனு’ கடைசியில் இன்னொரு ‘e’ எழுத்து. காதுக்குக் கேட்காது, மார்க்கை மட்டும் தின்னும்.

பிரெஞ்சுச் செய்தியில் வரும் ‘ஒரே’ (‘ஜோரே’யின் அவன்/அவள் வடிவம்) வேறு கதை, உறுதியாகாத தகவலைச் சொல்வது. நம்ம ‘-ஆம்’ மாதிரி.