புதுப்பிப்பு: பாலில் எல்டிஎச் நொதி கூடியது, காரணம் கல்லீரலா?

கன்று ஈன்ற கலப்பினப் பசுவின் பாலில் எல்டிஎச் (செல்கள் சேதமானால் வெளியேறும் நொதி) கூடியிருந்ததைக் கண்டு, கல்லீரல் கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் நன்றி. "முதலில் மடியைப் பாருங்கள்" என்றவர் சொன்னதே சரி. பாலில் சோதனைக் கரைசலைக் கலந்து பார்க்கும் கலிபோர்னியா மடிநோய்ச் சோதனையில் இடப்புறப் பின்காம்பின் பால் மட்டும் கஞ்சிபோல் கெட்டியானது; அது மடிநோயின் அறிகுறி. மடிநோயிலும் எல்டிஎச் பாலில் ஏறும். அதை மட்டும் வைத்துக் கல்லீரலைக் கணிக்க முடியாது. மடிநோய்ச் சிகிச்சைக்குப் பின் எல்டிஎச் அளவு இறங்கியது, பசுதான் தேறவில்லை.

எதிர்பாராதது இதற்குப் பிறகுதான். இரத்தத்தில் ஜிஜிடி அதிகம்; கல்லீரலும் பித்தநாளமும் பாதித்தால் கூடும் நொதி அது. சாணத்தைக் கரைத்துப் படியவிட்டுப் பார்த்ததில் கல்லீரலைத் தாக்கும் தட்டைப்புழுவின் முட்டைகள். மன்னார்குடிப் பக்கம் வாய்க்கால் கரையில்தான் மேய்க்கிறோம், இந்தப் புழுவைப் பரப்பும் நத்தைக்கா அங்கே பஞ்சம்! மருத்துவர் புழு மருந்து கொடுத்தார். அவர் சொன்ன நாள்வரை சொசைட்டிக்குப் பால் ஊற்றவில்லை. இப்போது வைக்கோலை மிச்சமின்றித் தின்கிறது.