பாங்காக் டாக்ஸி: போய் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

அடுத்த மாதம் அப்பா அம்மாவுடன் பாங்காக் போகிறோம். விமானம் சுவர்ணபூமியில் இறங்குவது அதிகாலை 4 மணிக்கு. தங்குவது சீலோம் மாரியம்மன் கோயில் பக்கம்.

போன முறை தனியாகப் போனபோது நன்றாக ஏமாந்தேன். வருகை வாசலிலேயே ஒருவர் சிரித்துக்கொண்டே பெட்டியை வாங்கிக்கொண்டார். வண்டி நகர்ந்ததும் மீட்டர் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, "ரிப்பேர், 900 பாத்" என்றார். நடுரோட்டில் என்ன செய்ய? கொடுத்தேன்.

அப்புறம்தான் தெரிந்தது, விமான நிலையத்தின் முதல் தளத்தில் (அதாவது தரைத்தளம்) இயந்திரத்தில் சீட்டு எடுத்து வரிசையில் ஏற வேண்டுமாம். மீட்டர் கட்டணத்தோடு விமான நிலையத்துக்கென 50 பாத், சாலைச் சுங்கச்சாவடிக் கட்டணம் தனி. சீட்டில் ஓட்டுநர் விவரம் இருக்கும் என்பதால் அதை அவரிடம் கொடுக்காமல் நாமே வைத்துக்கொள்ள வேண்டும்.

என் சந்தேகம் இதுதான்: சீட்டு எடுத்த பிறகும் மீட்டர் போட மறுத்தால் இறங்கி வேறு வண்டி கேட்கலாமா? அந்த நேரத்தில் கிராப் (செயலியில் அழைக்கும் டாக்ஸி) எளிதாகக் கிடைக்குமா? அப்பாவுக்கு முழங்கால் வலி, ரயில் சரிப்படாது.