வெளிநாடு போன இதய மருத்துவர் மக்தி யாகூப்: சொந்த ஊருக்கு என்ன செய்தார்?

கேள்வி: கோபி வாய்க்கால்மேடு

எல்லோருக்கும் வணக்கமுங்க. பையன் அரசுக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்து, அப்புறம் பொது அறுவை சிகிச்சையும் படித்துவிட்டு, இப்போது இதய அறுவை சிகிச்சைப் பயிற்சிக்கு இங்கிலாந்து போக எழுதிப் போட்டிருக்கிறான். என் மாமனார் ஒரு வாரமாக அவனிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "கவர்மென்ட்டு காசுல படிச்சுப்போட்டு வெள்ளைக்காரனுக்கு வைத்தியம் பாக்கப் போறானா?" என்று ஒரே கேள்விதான். பையன் பதிலுக்கு மக்தி யாகூப் என்று ஒரு பெயரைச் சொல்லிவிட்டு டியூட்டிக்குக் கிளம்பிவிட்டான். எகிப்துக்காரராம், லண்டனில் பெரிய இதய சர்ஜனாம், சர் பட்டமெல்லாம் வாங்கியவராம். மாமனாருக்குப் பட்டம் எல்லாம் கணக்கில் வராது. மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் பாய்ந்ததா என்று பார்க்கிற மனிதர். அந்த டாக்டர் தன் ஊருக்கு என்ன செய்தார் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால், நான் அவரிடம் எடுத்துச் சொல்வேன்.

பதில் 1: பம்ப் ரூம் கோவை

ஏனுங்க அக்கா, நான் பத்தொன்பது வருஷமாக இதய ஆபரேஷன் தியேட்டரில் ஹார்ட்-லங் மெஷின், அதாவது ஆபரேஷன் நேரத்தில் இதயம், நுரையீரல் வேலையைச் செய்கிற மெஷின், ஓட்டுகிறவன். எங்கள் பாஷையில் அதற்குப் பம்ப் என்று பெயர். மாமனாரிடம் பட்டத்தை விடுங்கள், முதலில் யாகூப்புடைய அத்தையைப் பற்றிச் சொல்லுங்கள்.

யாகூப் 1935-ல் எகிப்தில் பில்பெய்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். அப்பாவும் சர்ஜன். அந்த அப்பாவுடைய தங்கை, இருபதைத் தாண்டிக் கொஞ்ச வயசுதான், இதய வால்வு சுருங்கி இறந்துபோனார். யாகூப் அப்போது சின்னப் பையன். அப்பா உடைந்துபோனதைப் பார்த்துத்தான் இதய டாக்டர் ஆக வேண்டும் என்று தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். சுருங்கிய அந்த வால்வைத் துடிக்கிற இதயத்துக்குள் விரலை விட்டே பிரிக்கிற ஆபரேஷன் 1948-ல் அமெரிக்காவிலும் லண்டனிலும் கைகூடியது. லண்டனில் அதைச் செய்தவர் ரஸ்ஸல் பிராக். கெய்ரோவில் 1957-ல் டாக்டர் ஆன யாகூப், 1961-ல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது அந்தப் பிராக்கிடம்தான். அத்தையைக் கொன்ற நோய்க்கு எங்கே மருந்து இருந்ததோ அங்கே போனார், அவ்வளவுதாங்க.

1969-ல் லண்டன் ஓரத்தில் ஹேர்ஃபீல்ட் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நம் பெருந்துறை சானடோரியம் மாதிரி அதுவும் ஒரு காலத்தில் காசநோய்க்காரர்களை வைத்திருந்த இடம். அங்கே 1980-ல் இதய மாற்று சிகிச்சையைத் தொடங்கி, உலகமே திரும்பிப் பார்க்கிற இடமாக ஆக்கினார். ஜான் மெக்காஃபர்ட்டி என்பவருக்கு 1982-ல் மாற்று இதயம் வைத்தபோது ஐந்து வருஷம் இருக்கலாம் என்றுதான் சொன்னார்களாம். அவர் 2016 வரைக்கும் இருந்தார், 33 வருஷம்! 1987-ல் இன்னொன்று: நுரையீரல் கெட்ட ஒருவருக்கு, இறந்தவருடைய இதயத்தையும் நுரையீரலையும் சேர்த்து வைத்துவிட்டு, அந்த நுரையீரல் கெட்டவரிடமிருந்து எடுத்த அவருடைய நல்ல இதயத்தை வேறொருவருக்கு வைத்தார்கள். ஒருவர் கொடுத்ததில் இரண்டு குடும்பம் பிழைத்தது.

எனக்கு இந்த வேலையில் இன்னும் பழகாத ஒரு நிமிஷம் உண்டு. தைத்து முடித்து, ரத்தக் குழாயை அடைத்து வைத்திருக்கிற கிளாம்பை எடுப்பார்கள், ரத்தம் உள்ளே போகும், இதயம் முதலில் புழு நெளிகிற மாதிரி நடுங்கும், தியேட்டரில் ஒருவரும் வாய் திறக்க மாட்டோம். அப்புறம் ஒரு துடிப்பு, இன்னொரு துடிப்பு. "பம்ப் ஆஃப்" என்று சர்ஜன் சொல்லி நான் நிறுத்தும்போது எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கும்.

பதில் 2: பவானி கூடுதுறை

நான் டாக்டர் இல்லை, நோயாளி. அந்த அத்தைக்கு வந்த மாதிரியே எனக்கும் வால்வு. சின்ன வயசில் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து போகும், முட்டி வீங்கும், வளருகிற பிள்ளைக்கு வருகிற வலி என்று அப்பத்தா விளக்கெண்ணெய் தேய்த்துவிடும். அது ருமாட்டிக் காய்ச்சல் என்று யாருக்கும் தெரியாது. தொண்டையில் வந்த கிருமியை எதிர்க்கிற உடம்பே வால்வையும் தாக்கிவிடுகிறது, நல்லா இருந்தால் இரண்டு விரல் நுழைகிற வால்வு மீன் வாய் மாதிரிச் சுருங்கிப் போகிறது. ஏழைப்பட்ட, நெருக்கமான வீடுகளில் அதிகம் வருகிற நோய் இது.

எனக்கு இரும்பு வால்வு வைத்திருக்கிறது. ராத்திரி வீடு அடங்கின பிறகு டிக் டிக் என்று எனக்கே கேட்கும், பக்கத்தில் படுக்கிற பேத்தி கடிகாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தினமும் ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை, ரத்தம் உறைகிற கணக்கைப் பார்க்க அடிக்கடி ஐ.என்.ஆர். டெஸ்ட். முருங்கைக்கீரை ஒரு நாள் கூடினாலும் ரத்தக் கணக்கு மாறிப்போகும். இதற்கு முன்னால் ருமாட்டிக் காய்ச்சல் திரும்ப வராமல் இருக்க இருபத்தொரு நாளைக்கு ஒரு பெனிடியூர் என்ற பென்சிலின் ஊசி, பால் மாதிரி கெட்டியான மருந்து, போட்ட பக்கம் இரண்டு நாளைக்கு உட்கார முடியாது.

யாகூப் பெயரை நான் கேள்விப்பட்டது ராஸ் ஆபரேஷன் பற்றிப் படிக்கும்போது. கெட்டுப்போன மகாதமனி வால்வை எடுத்துவிட்டு, அந்த ஆளுடைய நுரையீரல் பக்கத்து வால்வையே அங்கே வைத்துத் தைப்பார்கள், எடுத்த இடத்தில் தானமாக வந்த வால்வு. டொனால்ட் ராஸ் என்பவர் தொடங்கியதை யாகூப் விடாமல் வளர்த்தார். ஆயுசுக்கும் ரத்தம் இளக்குகிற மாத்திரை வேண்டியதில்லை. அந்த மாத்திரை வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஆகாது. கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற வேண்டிய பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று என்னிடம் கேளுங்கள். எனக்கு இரண்டாவது பிள்ளை வேண்டாம் என்று டாக்டர் சொன்ன நாள் இன்னும் நினைவிருக்கிறது.

பதில் 3: காங்கேயம் ஓய்வு வாத்தியார்

மருத்துவத் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பெரியவர் கேட்டது வேறு. 1961-ல் போனவர் எகிப்தில் ஆஸ்பத்திரி திறந்தது 2009-ல். நடுவில் 48 வருஷம். அவர் மாதிரிப் பிழைக்கப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்கள்? இங்கேயே இருந்து செய்தவர்களும் உண்டு. இறந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளை 2008-ல் அவனுடைய பெற்றோர், இருவருமே டாக்டர்கள், தானம் செய்தார்கள், சென்னையில் போலீஸ் ரோட்டை ஒதுக்கிக் கொடுக்க, அந்த இதயம் மாற்றி வைக்கிற ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது. உறுப்பு தானத்தில் தமிழ்நாடு இந்த நிலைக்கு வந்ததில் அந்த ஒரு வீட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதனால் யாகூப்பைக் காட்டிப் பெரியவர் வாயை அடைக்காதீர்கள். பையன் என்ன கொண்டுவருவான் என்று கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது.

பதில் 4: பம்ப் ரூம் கோவை

வாத்தியாரய்யா, கேள்வி நியாயமுங்க. ஆனால் இந்த வேலையைத் தனி ஆளாகச் செய்ய முடியாது. சர்ஜன் ஒருவர் திரும்பி வந்தால் மட்டும் ஆகாது, மயக்க மருந்து டாக்டர், பம்ப் ஓட்டுகிறவர், நெஞ்சிலிருந்து ரத்தம் வடிகிற பாட்டிலை ராத்திரி முழுக்கக் கண் மூடாமல் பார்க்கிற ஐ.சி.யு. நர்ஸ், இத்தனை பேரும் வேண்டும். யாகூப் சும்மாவும் இருக்கவில்லை. 1970-களிலேயே நைஜீரியா போய் இதய ஆபரேஷன் செய்தார். 1995-ல் செயின் ஆஃப் ஹோப் என்ற அமைப்பைத் தொடங்கினார், டாக்டர், நர்ஸ் எல்லோரும் குழுவாக ஏழை நாடுகளுக்குப் போய்க் குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்து, அங்கே இருப்பவர்களுக்கும் கற்றுக்கொடுப்பார்கள். பிரிட்டன் அரசு வேலையிலிருந்து 2001-ல் ஓய்வு. அப்புறம் நோபல் பரிசு வாங்கிய அகமது ஜெவைலோடு சேர்ந்து 2008-ல் அறக்கட்டளை, அடுத்த வருஷம் அஸ்வானில் இதய மையம். தலைநகர் கெய்ரோவில் இல்லை, தெற்கே கடைக்கோடியில், நைல் கரையில். நோயாளியிடம் ஒரு காசு வாங்குவதில்லை. அங்கே கத்தி பிடிக்கிற இளம் டாக்டர்கள் எகிப்துக்காரர்கள், அவர் கூடவே நின்று பழக்கினவர்கள். அவர் கை ஓய்ந்தாலும் அந்தத் தியேட்டர் ஓடும்.

கேள்வி கேட்டவர்: கோபி வாய்க்கால்மேடு

ரொம்ப நன்றிங்க எல்லோருக்கும். நேற்று சாயங்காலம் திண்ணையில் மாமனாருக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். அத்தை கதை வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அவருடைய தங்கை ஒருவர் தலைப்பிரசவத்துக்கு வந்து, பிள்ளை பெற்ற பத்தாம் நாள் போய்விட்டார் என்று எனக்குக் கல்யாணமான புதிதில் காதில் விழுந்திருக்கிறது, அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. "படுத்தா மூச்சு வாங்குதுன்னு செவுத்துல சாஞ்சு உக்காந்தே தூங்குவாளாயா. காத்துக் கருப்புன்னு மந்திரிச்சுட்டு இருந்தோம்" என்றார்.

பையன் ராத்திரி வந்ததும் இவராகவே கூப்பிட்டு அதைச் சொன்னார். சின்ன வயசில் முட்டி வலி இருந்ததா, கால் வீங்கியதா, இருமலில் ரத்தம் வந்ததா என்று அவன் ஒவ்வொன்றாகக் கேட்டான், இவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "மிட்ரல் வால்வு சுருக்கமா இருந்திருக்கும் தாத்தா" என்றான். இத்தனை வருஷத்தில் அதற்கு ஒரு பெயர் இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். அந்தப் பெயரை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

வாத்தியாரய்யா கேட்டதையும் படித்துக் காட்டினேன். அதற்கு அவன் இன்னும் பதில் சொல்லவில்லை. பவானி அக்கா, என் நாத்தனார் பொண்ணுக்கும் அடிக்கடி தொண்டை வலி, முட்டி வலி என்கிறார்கள், ஒன்பது வயசு. நீங்கள் முதலில் என்ன டெஸ்ட் எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள், திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போகிறோம்.